வாயைக் கட்டு தம்பி!

(காரைநகர் வலந்தலைச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை. ஈழத்துச் சிதம்பரத்துத் திருவாதிரைக்குக் கனடாவில் இருந்து வந்திறங்கிய அண்ணை, கடைக்காரத் தம்பி. வாயைக் கட்டச் சொல்லுகிறவர்கள் எப்போதும் விமானத்தில்தான் வருகிறார்கள்.)

அண்ணை: என்னடா, ஊர்ச்சனம் முழுக்க ஊதிப்போய்க் கிடக்கு? வாயைக் கட்டத் தெரியாதே?

தம்பி: போன வருசம் வட்ஸ்அப்பிலை என்ரை மகளைப் பாத்திட்டு, "மெலிஞ்சு போனாள், சாப்பாடு குடுக்கிறேல்லையோ" எண்டு காசு அனுப்பினது ஆர் அண்ணை? அந்தக் காசிலை தொடங்கினதுதான் இந்தக் கொத்துரொட்டி.

அண்ணை: ஒடியல் கூழும் குரக்கன் புட்டும் சாப்பிட்ட பரம்பரையடா!

தம்பி: ஒடியல்மா விலை தெரியுமே? கிழங்கைக் கிண்டி, கிழிச்சு, காயவைச்சு, இடிச்சு, மாவை ஊறவிட்டுக் கயர் போகப் பிழியவேணும். கோதுமைமாவெண்டால் பைக்கற்றை வெட்டிறதுதான் வேலை. முந்தி அமெரிக்காக்காரன் கப்பலிலை அனுப்பினான். 1980இலை இருந்து திருகோணமலையிலையே ஆலை வைச்சு அரைக்கிறாங்கள். காலமை வாசலுக்குப் பாண் வருது. உலக்கையைத் தேடி எடுக்க ஆருக்கு நேரம்?

அண்ணை: பொருளாதாரத் தடைக்காலத்திலை சனம் மெலிவாய், சுகமாய் இருந்ததாம்.

தம்பி: ஓம், நல்ல டயட். 1991இலை ஊரை விட்டு எழும்பி, சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடிச்சுத் தேத்தண்ணி குடிச்சு, மூட்டையோடை சைக்கிள் உழக்கினம். நீங்கள் அப்ப ரொறன்ரோவிலை பீட்சாவோடை கஷ்டப்பட்டனீங்கள்.

அண்ணை: உதை விடு. சோடாப் போத்தலிலை சிவப்பு அடையாளம் போடுறாங்களே, அதைப் பாத்தாவது...

தம்பி: 2016இலை இருந்து போடுறாங்கள். 100 மில்லிலீற்றரிலை 11 கிராமுக்கு மேலை சீனி எண்டால் சிவப்பு. எங்கடை பெடியள் வலு கவனம். சிவப்பு இல்லாட்டி "உது இனிக்காது" எண்டு திருப்பித் தந்திடுவாங்கள்.

அண்ணை: தண்ணியைக் குடிக்கிறதுதானே?

தம்பி: எந்தத் தண்ணி? கிணறுகள் உவர். நல்ல தண்ணிக்குப் பவுசரைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். சோடாவுக்குக் கொம்பனியே பிரிட்ஜ் கொண்டுவந்து இறக்கித் தருது. வீட்டுக்கு ஆள் வந்தால் பச்சைத்தண்ணி நீட்டேலுமே? நேற்று உங்களுக்கு எத்தினை வீட்டிலை சோடா உடைச்சவை?

அண்ணை: ஒரு ஏழெட்டு. மரியாதைக்குக் குடிச்சன்.

தம்பி: சனமும் மரியாதைக்குத்தான் குடிக்குது.

அண்ணை: சரி சரி. கொண்டுபோக ரெண்டு கிலோ ஒடியல்மா கட்டு.

தம்பி: முடிஞ்சுது. போன கிழமை வந்த லண்டன்காரர் அள்ளிக்கொண்டு போட்டினம்.

அண்ணை: அப்ப இரவைக்கு உங்கடை வீட்டிலை என்ன சாப்பாடு?

தம்பி: நீங்கள் கொண்டுவந்த சொக்லேட் அரைச் சூட்கேஸ் கிடக்கெல்லே?