ஷெஃபீல்டு கத்திக் கம்பெனிக்குப் பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு மனு

பெறுநர்: உயர்திரு குறைதீர்ப்பு அதிகாரி, கத்திக் கம்பெனி, ஷெஃபீல்டு, சீமை.

பொருள்: மடக்குக் கத்தியின் முதுகு ஸ்பிரிங் பணியில் இருக்கும்போதே உயிர்விட்டது தொடர்பாக.

மகா கனம் பொருந்திய ஐயா,

உங்கள் கம்பெனியின் பெயரைப் போட்டு எழுத எனக்கும் ஆசைதான். அலகில் பொறித்திருந்த பெயரைச் சாணைக்கல் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது ஊர்ப் பெயர் மட்டும். ஆகவே அந்த ஊரில் கத்தி செய்த எல்லோருக்கும் இது பொது. இந்தக் கத்தியைச் செய்தவர் மட்டும் தலையாட்டினால் போதும்.

எங்கள் தாத்தா சேலத்திலிருந்து இந்தக் கேமரன் மலைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். துரை வேலையை முடித்துச் சீமைக்குக் கிளம்பியபோது, பென்ஷன் என்ற பேச்சை இரு தரப்பும் எடுக்காத காரணத்தால், தம் கால்சட்டைப் பையிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார். அடுத்த நொடியே வெறுங்கையையும் நீட்டினார். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துவிடும், பதிலுக்குக் காசு வாங்க வேண்டும் என்பது உங்கள் ஊர் நம்பிக்கையாம். தாத்தா ஐந்து காசு கொடுத்தார். எனவே இது அன்பளிப்பு அல்ல, விற்பனை. நாங்கள் காசு கொடுத்த வாடிக்கையாளர்கள். ரசீது கிடையாது. துரையிடம் ரசீது கேட்கும் பழக்கம் தோட்டத்தில் இருந்திருந்தால், கத்தி என்ன கத்தி, வேறு பல கணக்குகளையும் இந்நேரம் தீர்த்திருப்போம்.

கத்தியின் பணிப் பதிவேட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைக் கம்பெனியைத் தொடங்கிய காலத்தில் இந்த மலைக்காட்டைத் தேயிலையாக்கியது பாராங் வெட்டுக்கத்தியும் கோடரியும். அந்தப் பெருமையில் பங்கு கேட்கவில்லை. எங்கள் கத்திக்குச் சில்லறை வேலைகள்தான். உரமூட்டைத் தையல் பிரித்தது. கூடைக் கயிறு அறுத்தது. பாட்டிக்கு வெற்றிலைக் காம்பு கிள்ளியது. அப்பா காய்கறித் தோட்டத்துக்கு மாறிய பிறகு ராஃபியா கயிறு, தண்ணீர்க் குழாய், கூடாரத்து பிளாஸ்டிக் என்று எதையும் மறுக்கவில்லை. ஒருமுறை லாரியின் பேட்டரி முனையைக்கூடச் சுரண்டியது. அதற்கெல்லாம் அசையாத கத்தி, போன பள்ளி விடுமுறையில், கீ பார்ம் சந்தையில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு ஸ்ட்ராபெரியின் காம்பை வெட்டுவதற்காகத் திறந்தபோது 'டிக்' என்றது. முதுகு ஸ்பிரிங் இரண்டு துண்டு. பாராங்கின் எதிரில் முறிந்திருந்தாலும் வீரமரணம் என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஸ்ட்ராபெரி, ஐயா!

இப்போது அலகு நாய்வால் மாதிரி இரு பக்கமும் ஆடுகிறது. ஹார்ட்வேர் கடைத் தவுக்கே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசு எடுங்க அங்கிள், ஐந்து வெள்ளிதான்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் ஷெஃபீல்டைப் பார்த்ததில்லை.

நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள் என்பது தெரியும்: உலோகக் களைப்பு. நானும் படித்தேன். வோலர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைச் சோதித்துச் சொன்ன விஷயம் அது. ஒரே அடியில் முறியாத உலோகம், தாங்கக்கூடிய சிறு சுமையையே திரும்பத் திரும்பத் தாங்கினால், ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். எங்கள் கத்தியிலும் அதுதான் நடந்திருக்கும். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர். ஸ்பிரிங்கின் உட்புறம் எங்கோ ஒரு பொட்டு துரு. அதில் மயிரிழை விரிசல். திறக்கும்போதும் மூடும்போதும் ஸ்பிரிங் வளைய வளைய அது ஒரு நூல் வளர்ந்திருக்கும். இரும்புக்குக் களைப்பு வரும் என்பதைச் சீமை ஒப்புக்கொண்டு நூற்றைம்பது வருஷம் ஆகிறது. முதுகில் கூடையோடு இந்தச் சரிவில் ஏறி இறங்கிய எங்கள் பாட்டிக்கும் அது வரும் என்று தோட்ட ஆபீஸ் ஒப்புக்கொண்ட காகிதம் எதுவும் எங்கள் பெட்டியில் இல்லை.

துருப்பிடிக்காத எஃகை 1913இல் ஹாரி பிரேர்லி கண்டதும் உங்கள் ஊரில்தான். அந்தச் செய்தி எங்கள் ஸ்பிரிங்குக்கு எட்டவில்லை.

உத்தரவாதக் காலம் முடிந்தது என்று நீங்கள் சொன்னால், பழைய கணக்கு ஒன்றை நானும் எடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் மூசையில் எஃகு உருக்கிய கதையைக் கிளப்ப மாட்டேன். தமிழர்கள் அதைத் தொடங்கினால் கடிதம் முடியாது. நான் சொல்வது உங்கள் ஆள் ஜோசையா மார்ஷல் ஹீத்தைப் பற்றி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அதிகாரியாக இருந்தவர், 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்துச் சேலத்து இரும்புக்கல்லை உருக்கினார். ஆலை தேறவில்லை. சீமைக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீசு கார்பைடு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். எஃகின் தரம் ஏறியது, செலவு இறங்கியது. உங்கள் ஊர் ஆலைகள் கொண்டாடின. காசு கொடுக்கும் நேரத்தில் மட்டும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். மாங்கனீசைத் தனியாகவும் கரியைத் தனியாகவும் மூசையில் போட்டு, இது வேறு முறை என்றார்கள். மூசைக்குள் போனபின் அவை இரண்டும் கூடிக்கொண்டால் ஆலைக்காரர் என்ன செய்வார், பாவம்! வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1855இல் ஹீத் தரப்பு தோற்றது. அதற்குள் ஹீத் போய்ச் சேர்ந்திருந்தார்.

சேலத்துக் கல்லில் கைப்பழகியவரிடம் அப்படி நடந்துகொண்ட ஊர், சேலத்துக்காரர் பேரனிடமாவது கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மூன்று அங்குல ஸ்பிரிங் ஒன்று, இரண்டு ரிவெட். விலையை ஹீத்துக்குச் சேர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளவும். கம்பெனியே மூடிப்போயிருந்தால் அதையும் ஒரு வரி எழுதிப் போடவும். வேலையை முடிக்காதவர்களிடம் நாங்கள் பெருந்தன்மையாகவே நடந்திருக்கிறோம். 1885இல் இங்கே அளக்க வந்த வில்லியம் கேமரன் இந்த மேட்டை வரைபடத்தில் சரியாகக் குறிக்காமலே போனார். அவர் பெயரைத்தான் மலை முழுவதற்கும் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஐந்து காசு கொடுத்தவர் பேரன்,
பிரிஞ்சாங்.

பி.கு.: பார்சலைப் பள்ளி விடுமுறையில் அனுப்ப வேண்டாம். தாப்பாவிலிருந்து ஏறும் பாதையில் கோலாலம்பூர் கார்கள் நின்றுகொண்டிருக்கும். ஷெஃபீல்டிலிருந்து மலேசியா வரும் நேரத்தைவிடத் தாப்பாவிலிருந்து இங்கே வரும் நேரம் அதிகம்.