ராஜாவே ரசிகர் மன்றத் தலைவர்!

ஜனவரி மாதத்தில் பவேரியாப் பக்கம் போனால், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அண்ணாந்து பாருங்கள். சுற்றிலும் பனி. செங்குத்துப் பாறையின் உச்சியில், பாதி உடம்பை மேகத்துக்குள் மறைத்துக்கொண்டு ஒரு கோட்டை. கூர்கூரான கோபுரங்கள், உப்பரிகைகள், பெரிய வாயிற்கதவு. அடேயப்பா, எத்தனை படையெடுப்புகளைப் பார்த்ததோ என்று மனசு உருகும்.

ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை! நியூஷ்வான்ஸ்டைன் என்ற இந்தக் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டதே 1869-ல்தான். ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம், தந்தி பறந்த காலம். அன்றைய பீரங்கிகளுக்கு இந்தக் கோபுரமெல்லாம் அப்பளம். உள்ளே செங்கல், வெளியே சுண்ணாம்புக்கல் போர்வை. கட்டுமானப் பொருள்களை மேலே தூக்க நீராவி கிரேன். இதைவிடக் கொடுமை, அந்தப் பாறை மேல் ஏற்கெனவே அசல் மத்தியகாலக் கோட்டைகளின் இடிபாடுகள் இருந்தன. அவற்றை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுத்தான் இந்த ‘மத்தியகால’க் கோட்டையைக் கட்டினார்கள். ஒரிஜினல் பழசு, ராஜாவின் ரசனைக்குப் போதுமான அளவு பழசாக இல்லை போலிருக்கிறது.

ராஜா யார்? பவேரியாவின் இரண்டாம் லுட்விக். 18 வயதில் அரியணை ஏறியவர். உயரம், அழகு, சுருள்முடி என்று ஒரு ஹீரோவுக்கு வேண்டிய அத்தனையும் இருந்தது. ஆனால் அவர் ஆக விரும்பியதோ ரசிகர்!

15 வயதில் வாக்னரின் ‘லோஹன்கிரின்’ ஓபராவைப் பார்த்தார். அன்னப்பறவை இழுக்கும் படகில் வந்திறங்கும் வீரனின் கதை. நாமெல்லாம் அந்த வயதில் படம் பார்த்துவிட்டு ஹீரோ மாதிரி தலைவாரிப் பார்த்தோம். லுட்விக்கிடம் கஜானா இருந்தது. 1864-ல் பட்டத்துக்கு வந்த கையோடு அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, வாக்னரைத் தேடிப் பிடிக்க ஆள் அனுப்பியது. ‘தலைவர்’ வாக்னரோ அப்போது கடன்காரர்களுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார். வந்திருப்பது ராஜாவின் ஆள் என்று தெரியாமல், இன்னொரு கடன்காரன் என்று நினைத்துப் பதுங்கப் பார்த்ததாகச் சொல்வார்கள். ராஜா கடனை அடைத்தார், மியூனிக்கில் வீடு கொடுத்தார். பதிலுக்கு வாக்னர் அரசியலில் மூக்கை நுழைத்தார். அடுத்த வருஷமே மந்திரிகள் அவரை ஊரைவிட்டே அனுப்ப வைத்தார்கள்.

தலைவர் போனால் என்ன? தலைவரின் கதைக்குள்ளேயே குடியேறிவிட்டால் போயிற்று! கோட்டைக்கு முதலில் படம் வரைந்தவர் யார் தெரியுமா? கிறிஸ்டியன் யாங்க். தொழில்: நாடக மேடைக்கு செட் வரைவது. கட்டடக் கலைஞர்கள் பிறகுதான் வந்து அந்த செட்டைக் கீழே விழாமல் நிறுத்தினார்கள். ராஜா பக்கத்து மலையில் அப்பா விட்டுச்சென்ற கோட்டையில் உட்கார்ந்து, டெலஸ்கோப் வழியாகக் கட்டுமானத்தைக் கண்காணித்தார். சிசிடிவி இல்லாத காலம், பாவம் மேஸ்திரிகள்!

உள்ளே போனால் வரவேற்பறைக்கும் படிப்பறைக்கும் நடுவே ஒரு செயற்கைக் குகை இருக்கிறது. கலர் லைட், குட்டி அருவி எல்லாம் உண்டு. படுக்கையறை மர வேலைப்பாட்டுக்கு மட்டும் 14 தச்சர்கள் நாலரை வருஷம் உளி பிடித்தார்கள். சிம்மாசன மண்டபத்தின் தரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கல் துணுக்குகள் பதித்திருக்கிறார்கள். அதில் இல்லாத ஒரே பொருள் சிம்மாசனம். செய்வதற்குள் ராஜா போய்விட்டார்.

பழமை பழமை என்று உயிரை விட்டவர், குளிரில் மட்டும் பழமையை அனுமதிக்கவில்லை. வெந்நீர், வெப்பக்காற்று ஹீட்டிங், தானாகக் கழுவிக்கொள்ளும் கழிப்பறை, வேலையாளைக் கூப்பிட மின்சார மணி, போதாததற்கு டெலிபோன்! வாக்னரின் பார்சிஃபால் கதையில் வரும் வீரர்கள் அந்தக் கழிப்பறையைப் பார்த்திருந்தால் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போயிருக்கவே மாட்டார்கள்.

ராஜ்யம் என்று ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று? 1866-ல் ஆஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவிடம் தோற்றார். 1870-ல் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க், ‘பிரஷ்ய ராஜாவே ஜெர்மனிக்குச் சக்கரவர்த்தி ஆகட்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்’ என்று கடிதத்தையும் தானே எழுதி அனுப்பினார். லுட்விக்கின் அரசவை ஆளான ஹோல்ன்ஸ்டைன் பிரபு அதை எடுத்துக்கொண்டு வந்தபோது லுட்விக் பல்வலியோடு படுக்கையில் கிடந்தார். ஐரோப்பாவின் வரைபடமே மாறப்போகிறது, இவருக்குக் கடைவாய்ப் பல்! காப்பியெழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் பிஸ்மார்க்கின் ரகசிய நிதியிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. ஹோல்ன்ஸ்டைனுக்குத் தரகு 10 சதவீதம்.

அதிகாரம் போனபின் லுட்விக் பகலையே விட்டுவிட்டார். ராத்திரிதான் விழிப்பு. மியூனிக் அரசவை நாடகக் கொட்டகையில் 1872 முதல் 1885 வரை 209 காட்சிகள் அவர் ஒருவருக்காகவே நடந்தன. பனிக்காலம் வந்தால் தங்க முலாம் பூசிய சறுக்கு வண்டி கிளம்பும். முன்னே பழைய பிரெஞ்சு பாணி உடையில் குதிரைக்காரர்கள், வண்டி மேலே பேட்டரியில் எரியும் மின்விளக்கு. நடுநிசி, முழங்கால் பனி, கும்மிருட்டு. ஏதோ ஒரு பவேரிய விவசாயி ஜன்னலைத் திறந்தால் வெளிச்சத்தோடு ராஜா போகிறார்! மந்திரிகளுக்கு அவர் தலைவலி. கிராமத்துக்காரர்களுக்குச் செல்லம்.

கட்டியது தன் சொந்தப் பணத்தில், அதாவது சொந்தக் கடனில். 1886-ல் அது 1 கோடியே 40 லட்சம் மார்க்கைத் தொட்டது. மந்திரிகள் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார்கள்: ராஜாவுக்குப் பைத்தியம் என்று சான்றிதழ்! டாக்டர் குட்டனும் இன்னும் மூன்று டாக்டர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நோயாளியைப் பரிசோதிக்கவே இல்லை. வேலைக்காரர்கள் சொன்ன கதைகளே போதுமாக இருந்தன.

ஜூன் மாதம் ராஜாவைப் பிடிக்க ஒரு கமிஷன் கிளம்பியது. அதில் நம்ம ஹோல்ன்ஸ்டைனும் உண்டு! லாயத்தில் ராஜாவின் வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்த ஆளிடம், இனி வண்டி தேவைப்படாது என்று அவரே உளறிவைக்க, அந்த ஆள் மலைமேல் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார். விடியற்காலையில் கமிஷன் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தால், வாசலில் போலீஸ் துப்பாக்கியோடு நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ட்ரூக்செஸ் சீமாட்டி என்ற ராஜபக்தை குடையைத் தூக்கிக்கொண்டு கனவான்கள் மேல் பாய்ந்தார். நியூஷ்வான்ஸ்டைன் கண்ட ஒரே போர் இதுதான். ஆயுதம், குடை.

கமிஷன் ஆட்களை வாயில் மாளிகையில் அடைத்து வைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்து வந்த கோஷ்டி ஜூன் 12-ல் ராஜாவைக் கொண்டுபோயிற்று. மறுநாள் சாயங்காலம் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் குட்டனோடு உலாவப் போனவர் திரும்பவில்லை. இருவருமே ஆழமில்லாத தண்ணீரில் பிணமாகக் கிடந்தார்கள். என்ன நடந்தது என்று பவேரியாவில் இன்றும் சண்டை போடுகிறார்கள். பாவம் மனுஷன், வயது 40.

தன் கனவுக் கோட்டையில் அவர் தங்கியது மொத்தம் 172 நாள். வாக்னர் அந்தப் படியை மிதிக்கவே இல்லை. அங்கிருக்கும் பாடகர் மண்டபத்தில் ராஜா இருந்தவரை ஒரு கச்சேரிகூட நடக்கவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கட்டிய கோட்டையை, அவர் இறந்த ஏழாவது வாரம், 1886 ஆகஸ்ட் 1-ம் தேதி, கட்டணம் போட்டுத் திறந்துவிட்டார்கள். 1899-க்குள் வசூலிலேயே கடன் தீர்ந்தது! வால்ட் டிஸ்னி 1955-ல் திறந்த தன் ‘தூங்கும் அழகி’ கோட்டைக்கு இதையும் முன்மாதிரியாகக் கொண்டார். 2025-ல் யுனெஸ்கோவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பைத்தியம் என்று எழுதிக் கொடுத்த நால்வரில் ஒருவருக்கும் இந்த பிசினஸ் மூளை இல்லை.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்குச் சில தகவல்கள். பனி உறைந்தால் மேலே பஸ் ஓடாது. குதிரை வண்டி, இல்லாவிட்டால் அரை மணிக்கும் மேல் ஏற்றம். காலண்டரில் பார்க்கிற அந்த அழகுக் கோணம் மரியன் பாலத்திலிருந்து எடுத்தது. வழுக்கும் நாளில் அதையும் மூடிவிடுவார்கள். உள்ளே போட்டோவுக்குத் தடை. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் தவறினால் அவ்வளவுதான். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாள்களில் விடுமுறை. ராஜா ஆசைப்பட்ட தனிமை வருஷத்தில் அந்த நான்கு நாள்தான் அவருக்குக் கிடைக்கிறது, அன்றைக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.