குனோங் லேடாங்கின் கடைசி பாஸ்

தங்காக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் துணி எடுக்க வருவார்கள். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்த கூட்டம் பெண் எடுக்க வந்தது. மாப்பிள்ளை, மலாக்கா சுல்தான் மாமுட் ஷா. பெண், 1,276 மீட்டர் உயர குனோங் லேடாங்கின் உச்சியில் குடியிருந்த இளவரசி. ராணி இறந்துபோக, வேறெந்த ராஜாவிடமும் இல்லாத ஒருத்திதான் வேண்டும் என்று சுல்தான் அடம்பிடித்தார் என்கிறது ‘செஜாரா மெலாயு’. நிறம் மாறிய அபூர்வ போக்கிமானுக்காகத் தூக்கம் கெட்டு அலையும் பையனாவது தானே அலைகிறான். இவர் ஆளை அனுப்பினார்.

அணியின் நட்சத்திரம் ஹாங் துவா. அதற்குள் கிழவராகிவிட்டிருந்தார். பாதி மலையில் காற்றும் மழையும் குளிரும் வந்ததும் மாவீரர் நின்றுவிட்டார். கால் பலமுள்ள துன் மாமாட் சிலரோடு மேலே ஏறினார். அங்கே டாங் ராயா ராணி என்ற மூத்த அம்மாள் சேதியைக் கேட்டுக்கொண்டு மறைந்தார். பிறகு கூன் விழுந்த ஒரு பாட்டி வந்து சீர்வரிசைப் பட்டியலை ஒப்பித்தாள். அவள்தான் இளவரசியே என்று சொல்வதுண்டு.

அந்தப் பட்டியலின் அருமை புரிய, லான்ஸைப் பார்க்க வேண்டும். 1999-ல் ஜப்பானில் வெளியான போக்கிமான் கோல்ட், சில்வர் விளையாட்டுகளின் சாம்பியன். பெயர் பெற்ற டிராகன் வித்தகர். ஆனால் அணியைப் பிரித்தால் மூன்று டிராகோனைட். மிச்சம் கியாரடோஸ், சாரிசார்ட், ஏரோடாக்டில். இந்த மூன்றில் ஒன்றுகூட டிராகன் வகை இல்லை. 55-வது லெவலில் உருமாற வேண்டிய டிராகோனைட்டை 47-லேயே கொண்டுவந்து நிறுத்தினார், கேட்க ஆளில்லை. பனித் தாக்குதல் பட்டால் டிராகோனைட்டுக்கு நான்கு மடங்கு அடி. ‘ஐஸ் பீம்’ தெரிந்த ஒரு லாப்ராஸ் போதும், மூன்றையும் வரிசையாகப் படுக்கவைக்க. அவரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு டிராகன் வகையில் இருந்ததே டிராட்டினி குடும்பமும் கிங்ட்ராவும்தான். கிங்ட்ராவையும் சொந்தக்காரி கிளேர் வைத்துக்கொண்டாள்.

மலைக்காரியிடம் அந்தப் பஞ்சமே இல்லை. முதலில் மலாக்காவிலிருந்து மலை வரை ஒரு தங்கப் பாலம், ஒரு வெள்ளிப் பாலம்: அடி கஜானாவில். அடுத்து ஏழு தட்டு கொசு ஈரல், ஏழு தட்டு கிருமி ஈரல்: அடி பொறுமையில். ஒரு தட்டு நிறைய எத்தனை கொசு வேண்டும், யார் பிடிப்பது, எந்தக் கத்தியால் அறுப்பது? அரண்மனையில் அன்று எத்தனை பேர் லீவு போட்டிருப்பார்களோ. அப்புறம் ஒரு தாழி பாக்குச் சாறு, ஒரு தாழி கண்ணீர். கண்ணீருக்கு ஊரையே அழவைக்க வேண்டும். கடைசியில் ஒரு கிண்ணம் சுல்தானின் ரத்தம், ஒரு கிண்ணம் அவர் மகன் ராஜா அகமட்டின் ரத்தம்.

ஒரே மருந்துக்கு இரண்டு அயிட்டம் மடியாது. பணம் பாலத்தைக் கட்டும், கொசுவைப் பிடிக்காது. அதிகாரம் கொசுவைப் பிடிக்கும், சொந்த ரத்தத்தைத் தராது. மற்றதெல்லாம் கொடுத்துவிடலாம், ரத்தத்துக்குத்தான் மனசு வரவில்லை என்று சுல்தான் கழன்றுகொண்டார். 1511-ல் போர்த்துகீசியரிடம் மலாக்கா போன பிறகு அதே மகனைக் கொல்லவைத்தவரும் இவர்தான் என்று அதே நூல் சொல்கிறது. ஆக, மனசு வராதது எந்தக் கிண்ணத்துக்கு என்பது தெளிவு.

விளையாட்டுக்கு பாஸ் உருவாக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே மிருகத்தை மூன்று தடவை நிறுத்தாதீர்கள். ‘செஜாரா மெலாயு’வை ஒருமுறை புரட்டுங்கள், அந்த அம்மாள் தோற்றதே இல்லை.