கிள்ளைக்காரர் ராத்திரி ரயிலில் உட்காருவது எப்படி?

படுப்பதற்கு வழிகாட்டி தேவையில்லை. உட்காருவதுதான் பாடு.

கிள்ளையில் ஸ்டேஷன் உண்டு, பாசஞ்சர் நிற்கும். சென்னை போகும் ராத்திரி வண்டியான உழவன் எக்ஸ்பிரஸ் நிற்காது. ஆகவே சென்னைக்குப் போகிறவர் முதலில் எதிர்த்திசையில் சிதம்பரம் போகவேண்டும். அங்கே வண்டி நள்ளிரவை ஒட்டி வரும். ஏறி, பையை வைத்து, உங்கள் பெர்த்தில் படுத்திருப்பவரிடம் நியாயம் கேட்பதற்குள் ஜன்னலில் கிள்ளை ஓடிப்போயிருக்கும்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை பெர்த் என்பது படுக்கை. மற்ற நேரத்தில் இருக்கை. முன்பு 9 மணிக்கே படுக்கலாம். 2017 ஆகஸ்டில் ஒரு மணி நேரத்தைக் குறைத்தார்கள். நீங்கள் ஏறுவது பத்துக்கு மேல், இறங்குவது ஆறுக்குள். ஆக, உட்காரும் உரிமை உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. திரும்பி வரும் உழவனும் பத்து மணிக்கு மேல்தான் கிளம்புகிறது.

பெர்த் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1, 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். லோயர் வாய்த்தால் துள்ள வேண்டாம். அதில் ஒரு பெரியவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். "ஐயா, இது என் பெர்த்து" என்றால், "தம்பி, முட்டி வலி, நீ மேல ஏறிக்கயேன்" என்பார். முட்டிக்கு எதிராக இந்தியாவில் எந்தச் சட்டமும் செல்லாது. இளவட்டம் யாராவது படுத்திருந்தால் மட்டும், பேசாமல் கருவாட்டுப் பையைத் தலைமாட்டுக்கு நேர்கீழே வைத்துவிட்டு நில்லுங்கள். தானே மேலே ஏறிக்கொள்வான்.

ஆர்.ஏ.சி. கிடைத்தவர் பாக்கியசாலி. முழுப் படுக்கைக்குக் கட்டணம் கட்டி, சைடு லோயரில் இன்னொருவரோடு எதிரும் புதிருமாக உட்காரலாம். பிச்சாவரம் துடுப்புப் படகில் போல, ஒருவர் காலை நீட்டினால் மற்றவர் மடக்கவேண்டும். மேலே சைடு அப்பரில் இருப்பவர் மட்டும் இறங்கி வந்து இடம் கேட்க முடியாது. பத்து மணிக்குமேல் அவருக்குக் கீழே பாத்தியதை இல்லை.

பஞ்சாயத்து முற்றினால் டி.டி.இ.யிடம் போங்கள். சார்ட்டைப் புரட்டி, "விழுப்புரம் தாண்டட்டும், பாக்கலாம்" என்பார். அதுவரை காத்திருக்க வேண்டாம். விழுப்புரத்தில் வண்டி நின்றதும் இறங்கி, ஒரு டீ வாங்கிக்கொண்டு பிளாட்பார பெஞ்சில் உட்காருங்கள். ஹாரன் சத்தத்தில் மட்டும் ஒரு காது இருக்கட்டும்.