முன் அறையிலிருந்து பின் அறைக்கு வெளிநாடு சுற்றித்தான் போக வேண்டுமா?

முரசுமோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை: லப்டொப்பில் அடிக்கும் வினாத்தாளை என் வட்ஸ்அப்புக்கே அனுப்பி, பிரிண்டர் பூட்டியிருக்கும் மற்றக் கொம்பியூட்டரில் இறக்குகிறேன். டேட்டா பறக்கிறது. வேறு வழி?

ரீச்சர், உங்கள் வினாத்தாள் முன் அறையில் புறப்பட்டு, கடல் கடந்து எங்கேயோ ஒரு சேர்வரைத் தொட்டு, திரும்பப் பின் அறைக்கு வருகிறது. போக ஒரு டேட்டா, வர ஒரு டேட்டா. இரண்டு கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கும்போது இந்த வெளிநாட்டுப் பயணம் எதற்கு? லப்டொப்பில் வினாத்தாள் இருக்கும் போல்டரை ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ், அதில் ஷெயாரிங், அதில் ஷெயார் என்று போங்கள். பிரிண்டர் கணினியில் எந்தப் போல்டரையாவது திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, லப்டொப்பின் பெயரை அடித்து எண்டரைத் தட்டுங்கள். வினாத்தாள் அங்கே நிற்கும். பிள்ளைகள் பார்க்காத போல்டராக இருந்தால் நல்லது.

தர்மபுரம் வாசகர்: ரவுட்டரில் டேட்டா முடிந்துவிட்டது. அப்போதும் கோப்பு போகுமா?

போகும். வீட்டுக்குள் நடப்பதற்கு ரீலோட் தேவையில்லை. கரண்ட் மட்டும் இருக்க வேண்டும்.

பரந்தன் வாசகர்: இரண்டு கொம்பியூட்டரும் ஒரே வைபையில்தான் இருக்கின்றன. ஒன்றை ஒன்று கண்டுகொள்வதே இல்லை.

காணி பிரித்த சகோதரர்கள் கலியாண வீட்டில் சந்தித்தாலும் அப்படித்தான். இங்கே காரணம் பெரும்பாலும் விண்டோஸின் சந்தேக புத்தி. புதிய வைபை எதைக் கண்டாலும் அது பேருந்து நிலையம் என்று நினைத்து ‘பப்ளிக்’ என எழுதி வைத்துவிடும். பப்ளிக்கில் உங்கள் கணினி ஒளிந்துகொள்ளும். இரண்டிலும் வைபை செட்டிங்ஸுக்குப் போய் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால், ஒன்று ‘கெஸ்ட்’ வைபையில் தொங்குகிறதா என்று பாருங்கள். விருந்தாளி வைபையில் இருப்பவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கணினி தெரியாது. அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பெயரை அடித்து வராவிட்டால் எண்ணை அடியுங்கள். கோப்பு இருக்கும் கணினியின் வைபை விபரத்தில் ஐபிவி4 என்ற வரியில் 192.168 என்று தொடங்குவதுதான் அந்த எண்.

அதே வாசகர்: இப்போது தெரிகிறது. ஆனால் கடவுச்சொல் கேட்கிறது. தினமும் அடிக்கும் நாலு இலக்கப் பின்னை அடித்தால் பிழை என்கிறது.

அண்ணை, பின் இலக்கம் அந்த ஒரு கணினியின் முன்னால் இருந்து திறப்பதற்கு மட்டும். நெட்வேர்க் வழியாக வருபவரிடம் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால் இன்னும் மோசம்: வெற்றுக் கடவுச்சொல்லோடு வலை வழியாக வர விண்டோஸ் விடாது. கோப்பு வைத்திருக்கும் கணினியில் ‘வீடு’ என்று ஒரு தனிக் கணக்கைத் திறந்து, அதற்கு ஒரு கடவுச்சொல் கொடுத்து, போல்டரை அந்தக் கணக்கோடு பகிருங்கள். கடவுச்சொல் கேட்பதையே நிறுத்திவிடலாம் என்று யாராவது குறுக்குவழி சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 புரோ அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டது.

விசுவமடு வாசகர்: பழைய எக்ஸ்பி மெஷினோடு இணைக்க எஸ்எம்பி1ஐ ஓன் பண்ணச் சொல்கிறது ஒரு வீடியோ. பண்ணலாமா?

வேண்டாம். எஸ்எம்பி1 என்பது விண்டோஸ் கோப்புப் பகிரும் பழைய வழி. 2017 மே 12இல் வன்னாகிறை என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது அந்த வழியால் நுழைந்துதான். பிரித்தானிய அரச மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அதே ஆண்டின் கடைசியில் மைக்ரோசொப்ட் புதிய விண்டோஸ் 10இல் எஸ்எம்பி1ஐ நிறுவாமலே விட ஆரம்பித்தது. எக்ஸ்பியில் உள்ளதைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு, அதை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

முரசுமோட்டை மாணவர்: லினக்ஸ் போட்ட கொம்பியூட்டர் விண்டோஸோடு சேருமா?

சேரும், சம்பா என்ற இலவச மென்பொருளால். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற அவுஸ்திரேலிய மாணவர், கன்பராவில் ஆய்வுப் படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, வயரில் கணினிகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டே அந்தப் பேச்சைப் படித்து, 1992 ஜனவரியில் முதல் வடிவத்தை வெளியிட்டார். ஒட்டுக்கேட்டு உருப்பட்டவர்களில் அவர் ஒருவர்.

புளியம்பொக்கணை வாசகர்: கோயில் பொங்கல் நோட்டீஸை லப்டொப்பில் அடித்து ஷெயார் செய்தேன். மற்றக் கொம்பியூட்டரில் திறந்தால் முழுக்க இங்கிலீசும் அரைப்புள்ளியும். நெட்வேர்க் கோப்பைக் கெடுத்துவிட்டதா?

நெட்வேர்க் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அடித்தது பாமினி, அல்லவா? பாமினியில் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுவது எழுத்துரு. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை, அதனால்தான் அந்தப் படை. கோப்பு பத்திரமாக வந்துவிட்டது, வேஷத்துக்கான உடுப்பு லப்டொப்பிலேயே நின்றுவிட்டது. அங்கேயும் பாமினியை நிறுவினால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக்குங்கள், எழுத்துருவும் உள்ளே சேர்ந்து போகும். அடுத்த பொங்கலுக்காவது யூனிகோடில் அடியுங்கள். பாமினியில் கை பழகியிருந்தால் விரலை மாற்றத் தேவையில்லை. அதே விசைகளில் யூனிகோட் அடிக்கும் விசைப்பலகைகள் இருக்கின்றன.

கண்டாவளை வாசகர்: தங்கச்சியின் கலியாண வீடியோ 40 ஜிபி. வைபையில் மூன்று மணித்தியாலம் காட்டுகிறது.

கலியாணமே அவ்வளவு நேரம் நடந்திராது. வயரைக் குத்துங்கள். கிகாபிட் போர்ட் என்றால் ஏறக்குறைய ஆறு ஏழு நிமிடம். 100 மெகாபிட் போர்ட் என்றால் ஒரு மணித்தியாலம். பல 4ஜி ரவுட்டர்களில் இருப்பது இரண்டாவது. அப்படியானால் ரவுட்டரை விட்டுவிட்டு ஒரு லான் வயரால் இரண்டு கணினியையும் நேரடியாக இணையுங்கள். பென்ட்ரைவ்தான் வேண்டுமென்றால் அது எக்ஸ்ஃபட்டில் இருக்கட்டும். ஃபட்32 ஒரே கோப்பாக 4 ஜிபிக்கு மேல் ஏற்றாது.

தர்மபுரத்திலிருந்து ஒரு தாய்: மூன்று கொம்பியூட்டரும் இணைந்திருப்பதால் பக்கப் தேவையில்லை என்கிறான் மகன்.

ஷெயார் செய்த கோப்பு ஒன்றுதான் அம்மா, மூன்று இடத்தில் இருந்து அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மூன்று இடத்தில் இருந்து அழிக்கவும் முடியும். அடுத்த கணினியில் இருக்கும் போல்டரில் வலை வழியாக அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, நேரே போய்விடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்ததே, அப்போது நிலத்தில் இருந்த கணினிப் பெட்டி எத்தனை இருந்தாலும் ஒரே தண்ணீர்தான். ஒரு பிரதியை எக்ஸ்ரேணல் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, மேட்டு நிலத்தில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: என் கணவர் ‘எல்லோருக்கும்’ என்று ஒரு ஷெயார் போல்டர் வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

போல்டரின் பெர்மிஷன் பட்டியலில் உங்கள் கணக்கின் பெயர் இருக்கிறதா என்று அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். அதற்கு மேல் போனால் அது நெட்வேர்க் கேள்வி இல்லை.