கொள்கையில் எதிரி, வாழ்க்கையில் நண்பர்

கேள்வி: டீக்கடையில் அரசியல் பேச்செடுத்தால் கைகலப்பில் முடிகிறது. மாற்றுக் கொள்கைக்காரரோடு உருப்படியாகப் பேச முடியுமா? – வாசகர், கோவை

பதில்: தாராளமாக முடியும். கொங்கு மண்ணிலேயே சாட்சி உண்டு. ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. காங்கிரசில் தோளோடு தோள் நின்றவர்கள், 1925-க்குப் பிறகு எதிரெதிர் முனைக்குப் போனார்கள். 1938-இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்த பெரியாரைச் சிறையில் அடைத்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று பெரியார் சாடினார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். ஆனால் 1949-இல் தம் திருமணம் பற்றி யோசனை கேட்கப் பெரியார் திருவண்ணாமலையில் சந்தித்தது அதே ராஜாஜியைத்தான். 1972-இல் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் இறுதிச் சடங்குக்கு நேரில் போய்க் கண்ணீர் விட்டார்.

நட்பு பாராட்டினால் கொள்கை நீர்த்துப்போகாதா என்பீர்கள். போகவில்லையே! நட்புக்காக இருவரும் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. சாதியால் அடிபட்டவனிடம் போய்ப் ‘பொறுமையாகப் பேசு’ என்பது அநியாயமில்லையா என்றால், அநியாயம்தான். பெரியாரும் பொறுமை காக்கவில்லை, போராடினார். ஆனால் எதிர்த்தது திட்டத்தை, சட்டத்தை. எதிராளி சொந்த லாபத்துக்காகப் பேசவில்லை என்ற மதிப்பு இருவருக்கும் இருந்தது. எனவே அடுத்த முறை, ‘நீ எந்தக் கட்சி?’ என்று தொடங்காதீர்கள். ‘இந்தத் திட்டத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?’ என்று கேளுங்கள். பேச்சில் சூடு இருக்கட்டும். கை சும்மா இருக்கட்டும்.