ஃபுல்வியாவிடம் கேளுங்கள்

கேள்வி: மலைப்பாதை ராலியில் பெரிய எஞ்சின் வண்டிதானே ஜெயிக்கும்?

பதில்: ஏற்றம் மட்டும் என்றால் சரி. ஏறிய வண்டி இறங்கியாக வேண்டுமே! மான்டே கார்லோ ராலியில் பேர்போன தூரினி கணவாய் 1,607 மீட்டர் உயரம். அடிவாரத்தில் காய்ந்த தார்ச்சாலை, உச்சியில் பனி, வெயில் படாத வளைவுகளில் உறைந்த ஐஸ். ஒரே டயர் மூன்றையும் சமாளிக்க வேண்டும். இறக்கத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்பும் மொத்த எடையையும் பிரேக்தான் இழுத்துப் பிடிக்கிறது. எடை குறைந்தால் பிரேக்கும் பிழைக்கும், டயரும் பிழைக்கும். 1972-ல் அந்த ராலியில் முதலில் வந்தது 1.6 லிட்டர் லான்சியா ஃபுல்வியா. இரண்டாவது, அதைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட போர்ஷே 911!

கேள்வி: ஃபுல்வியாவின் எடையை எப்படிக் குறைத்தார்கள்?

பதில்: 1966-ல் வந்த முதல் எச்.எஃப். மாடலில் கதவு, பானட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். பம்பரே கிடையாது. மொத்த எடை சுமார் 825 கிலோ.

கேள்வி: ஃபுல்வியா மாதிரி முன்சக்கரம் இழுக்கும் கார் வளைவில் முரண்டு பிடிக்காதா?

பதில்: நன்றாகவே பிடிக்கும். மூக்கு நேராகப் போகவே பார்க்கும். அதற்கு ஸ்காண்டிநேவிய ஓட்டுநர்கள் வைத்திருந்த மருந்து இடது கால். வலது கால் ஆக்சிலரேட்டரை விடாது. இடது கால் பிரேக்கைத் தொடும். முன்சக்கரங்கள் எஞ்சின் பலத்தில் சுழன்றுகொண்டே இருக்க, பின்சக்கரங்கள் பிடிபட்டு வண்டியின் வால் வெளியே வீசும். மூக்கு தானாக வளைவுக்குள் திரும்பும். எஞ்சினின் பாரம் முழுக்க முன்சக்கரங்கள் மேலேயே இருப்பதால் பனியிலும் பிடிமானம் உண்டு. பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை ஸ்வீடன்காரர் ஹாரி கெல்ஸ்ட்ரோம் 1969, 1970 இரண்டு வருடமும் ஃபுல்வியாவில்தான் வென்றார்.

கேள்வி: 1972 மான்டே கார்லோவில் போட்டியாளரான ஆல்பைன் கார்களின் கியர்பாக்ஸ் பழுதானதால்தானே லான்சியாவுக்கு வெற்றி? அதிர்ஷ்டம்தானே?

பதில்: ஆல்பைன் வேகமான வண்டி, சந்தேகமில்லை. ஆனால் ராலியில் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதும் ஓட்டுநரின் திறமைதான். ஃபுல்வியாவை ஓட்டிய சாண்ட்ரோ முனாரியும் துணை ஓட்டுநர் மாரியோ மன்னூச்சியும் வண்டியை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தயாரிப்பாளர்களுக்கான அந்த வருடத்துச் சர்வதேசப் பட்டமும் லான்சியாவுக்கே. பிறகு வந்த லான்சியா ஸ்ட்ராட்டோஸில் இதே முனாரி 1975, 1976, 1977 மூன்று வருடமும் மான்டே கார்லோவை வென்றார். அதையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியுமா?